கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு ரோம்: விசா முதல் திரும்பும் விமானம் வரை

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடியிருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ரோம் போய்வர முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் மே மாதத்திலோ அக்டோபரிலோ போய்வந்தவர்கள் சொல்லும் யோசனைகளை டிசம்பர் கடைசி வாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 24-ம் தேதி பிற்பகல் தொடங்கி 26 இரவு வரை ரோம் வேறு ஊராகிவிடுகிறது. கடைகள் மூடுகின்றன, மெட்ரோ பாதியில் நிற்கிறது, அருங்காட்சியகங்கள் கதவைச் சாத்துகின்றன. அதே நாட்களில்தான் ஆலயங்களும் சதுக்கங்களும் குடில்களும் வருடத்திலேயே அழகாக இருக்கின்றன, அதுவும் காசில்லாமல். இந்த மூன்று நாளை முதலில் திட்டமிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குங்கள்.

சென்னையிலிருந்து புறப்படும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் இப்போது நடப்பில் இருப்பவை. பணம் கட்டும் அன்று அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி

டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டியது கிறிஸ்துமஸா, ரோமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கிறிஸ்துமஸ் வேண்டும், வத்திக்கானில் அந்த இரவையும் அடுத்த நாளையும் பார்க்க வேண்டும் என்றால் 24-ம் தேதி நண்பகலுக்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். 23 வந்துவிட்டால் இன்னும் நல்லது. 24 இரவு எட்டு மணிக்கு இறங்கும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நீங்கள் பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் மெட்ரோவும் பேருந்தும் நின்றிருக்கும், பால் வாங்கக்கூட சூப்பர் மார்க்கெட் திறந்திருக்காது.

பழைய கட்டடங்களும் அருங்காட்சியகங்களும்தான் முக்கியம் என்றால் 26 மாலை போய் இறங்குங்கள். ஜனவரி 6 வரை ஊரில் விளக்கும் குடிலும் இருக்கும். எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

2026-ல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகம் டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் மூடல். 27 ஞாயிறு; மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால் வழக்கப்படி அனுமதி இலவசம், அதுவும் மதியம் வரைதான். இரண்டு நாள் மூடிக் கிடந்த இடம் இலவசமாகத் திறந்தால் வரிசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 28 திங்கள் அல்லது அதற்குப் பிறகு, காசு கட்டி, நேரம் குறித்துப் போங்கள். ஜனவரி 1, ஜனவரி 6 இரண்டும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

2. விசா: செப்டம்பரில் போடுங்கள்

இத்தாலிக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து நாளை நம்பி நவம்பர் கடைசியில் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவு சொல்ல 15 நாள் என்று இருந்தாலும், கூடுதல் விசாரணை வேண்டுமென்றால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் முன்னால் விண்ணப்ப மையத்தில் குடும்பம் முழுவதற்கும் ஒரே நாளில் நேரம் கிடைக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் நாலு பேருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம். செப்டம்பரில் கொடுத்துவிட்டால் அக்டோபர் நடுவில் பாஸ்போர்ட் கையில் இருக்கும். அடுத்த படிகள் எல்லாம் அதை ஒட்டித்தான் வருகின்றன.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முடிந்து 12 ஆகாத குழந்தைக்கு 45. ஆறு வயதுக்குள் இலவசம். பன்னிரண்டு முடிந்த பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம்தான். இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம் ஆளுக்குத் தனி. எல்லாம் ரூபாயில் கட்டுவது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், போகவர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிடப் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தில் விடுப்புக் கடிதம். கூடவே ஒரு பக்கத்தில் பயணத் திட்டம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் ஐந்து வருட ஆயுள்தான். அதை முதலில் எடுத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களுடையதைச் சரிபார்த்துவிட்டுக் குழந்தையுடையதை மறந்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு இன்னும் சில காகிதம் சேரும்: பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல், பள்ளியில் படிப்பதற்கான சான்று. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லாமலே பல வீடுகளில் இருக்கும். பிறந்த சில நாளில் வாங்கியது, பெயர் சூட்டிய பிறகு யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் பெயர் சேர்க்கப் போன அலுவலகத்தில் வாரக்கணக்கில் அலைய வைத்தார்கள். நீங்கள் ஜூலையிலேயே அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, பெயர் இருக்கிறதா, பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று நம் பெயர் விஷயம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் சிலருக்கு. இன்னும் சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். விமானம், ஹோட்டல், காப்பீடு, கொலோசியம் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் விரிவு என்று இருக்கக் கூடாது.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை. மற்றவர்கள் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் மறுபடி தேவைப்படாமல் போகலாம். பயணத்தில் வேறு நாடும் சேர்ந்திருந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறொரு நாட்டில் நேரம் சீக்கிரம் கிடைக்கிறதே என்று அங்கே போட்டு, பதிவுகள் இத்தாலியைக் காட்டினால் மறுத்துவிடுவார்கள்.

வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெரிய தொகையைக் கொண்டுவந்து போடாதீர்கள். சின்ன இருப்பைவிட, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெரிய இருப்புதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

3. நுழைவுச் சீட்டுகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு 60 நாள் முன்பு பதிவு திறக்கும். டிசம்பர் 28-க்கு வேண்டுமென்றால் அக்டோபர் 29. பெரியவர்களுக்கு 20 யூரோ, 7 முதல் 18 வயது வரை 8 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இணையத்தில் பதிவு செய்ய டிக்கெட்டுக்கு 5 யூரோ கூடுதல். அந்த ஐந்து யூரோவைச் சேமிக்க நினைக்காதீர்கள். சிஸ்டைன் சிற்றாலயம் இதற்குள்ளேதான் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு. டிசம்பர் 26-க்கு நவம்பர் 26. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் போலத்தான் இதுவும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். 18 யூரோ டிக்கெட்டில் கொலோசியம், ரோமன் ஃபோரம், பாலட்டைன் குன்று மூன்றும் அடக்கம். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவர்களுக்கும் பதிவுச் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். இலவசம்தானே என்று குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் எடுத்தால் வாசலில் பெரிய சிக்கல். டிக்கெட்டில் பெயர் இருக்கும்; பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்.

தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரம். 18 யூரோ டிக்கெட்டை 50-க்கும் 60-க்கும் விற்பார்கள். அதிகாரபூர்வ தளத்தில் தீர்ந்துவிட்டால் வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவை நம்பகமான நிறுவனத்தில் எடுக்கலாம், அதில் தவறில்லை. கொலோசிய வாசலில் நின்று வரிசையில்லாமல் கூட்டிப்போகிறேன் என்பவர்களிடம் மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 5 யூரோ, 18 வயதுக்குக் கீழே இலவசம். போர்கேஸே கலைக்கூடத்தில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், இரண்டு மணி நேரம்தான், திங்கள் மூடல். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கலைக்கூடத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பூங்காவில் ஓட விடுங்கள்.

விசா கையில் வராமல் பணம் திரும்பாத எந்த டிக்கெட்டையும் எடுக்காதீர்கள். செப்டம்பரில் விசா போடச் சொன்னது இதற்காகவும்தான்.

4. தங்குமிடம்

ஒரே ஒரு கேள்வி: 24 இரவு வத்திக்கான் வழிபாட்டுக்குப் போகிறீர்களா? போகிறீர்கள் என்றால் வத்திக்கானை ஒட்டிய பிராத்தி பகுதியில் தங்குங்கள். நடந்தே திரும்பிவிடலாம். டெர்மினி ரயில் நிலையம் பக்கம் அறை எடுத்தால் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், அந்த நேரத்தில் பேருந்து கிடையாது, டாக்சிக்கு ஒரு கூட்டமே காத்திருக்கும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் தூரம் இல்லை அது.

வழிபாட்டுக்குப் போகவில்லை என்றால் நவோனா சதுக்கம், பாந்தியன் சுற்றுவட்டாரம் நல்லது. 25-ம் தேதி வண்டி இல்லாமலே பாதி ஊரைப் பார்க்கலாம்.

ஹோட்டல் வாடகை கட்டியாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். போனதும் நகர வரி கேட்பார்கள். ஆளுக்கு ஒரு இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலில் 6 யூரோ, நாலு நட்சத்திரத்தில் 7.50, ஐந்தில் 10. பத்து வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். அது அந்த நாட்டுச் சட்டம், பயப்பட ஒன்றுமில்லை.

5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. தோஹா, துபாய், அபுதாபி வழியாகத்தான் பெரும்பாலும். இறங்குவது ஃபியுமிச்சினோவில். ஐரோப்பாவில் இப்போது இ.இ.எஸ். என்ற புதிய எல்லைப் பதிவு முறை வந்திருக்கிறது. முத்திரைக்குப் பதிலாக முகப்படம் எடுத்துப் பதிவு செய்வார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குள் முகப்படம் மட்டும். கட்டணம் எதுவும் இல்லை. இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் போலி. முதல் தடவை பதிவுக்கு நேரம் எடுக்கும், அதனால் வந்திறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வேறு ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குள் போக லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோ, டெர்மினிக்கு 32 நிமிடம். டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, மீட்டர் இல்லை, பெட்டிகளுக்கும் தனியாக இல்லை. ஆனால் இது அவுரேலியன் சுவர் எனப்படும் பழைய மதிலுக்கு உள்ளே போவதற்கு மட்டும். பிராத்தி அந்தச் சுவருக்கு வெளியே. ஏறும் முன் முகவரியைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை நிறம், கதவில் ரோம் நகராட்சிச் சின்னம், எண் இருப்பதுதான் உண்மையான டாக்சி. உள்ளே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று காதோரம் கேட்பவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ரயிலில் அம்மா, அப்பா, பதினாலு வயது மகள் மூவருக்கும் 42 யூரோ ஆகிறது. பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தை ஒரு பெரியவரோடு இலவசம். டாக்சி 55-க்கு வீட்டு வாசலில் விடும். குடும்பமாக இருந்தால் நான் டாக்சியைத்தான் சொல்வேன்.

6. அந்த மூன்று நாள்

24: காலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு நாளுக்கு ரொட்டி, பால், பழம், முட்டை எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். சாயங்காலத்துக்கு முன்பே மூடத் தொடங்கிவிடுவார்கள். மெட்ரோவும் பேருந்தும் இரவு ஒன்பது மணி வாக்கில் நின்றுவிடும். அன்று பகலில் குடில்களைப் பாருங்கள். மாட்டுத் தொட்டில் காலியாக இருக்கும், குழந்தை இயேசுவை அன்றிரவுதான் வைப்பார்கள். இதைச் சொல்லி வைத்தால் குழந்தைகள் அடுத்த நாள் எல்லாக் குடிலிலும் தேடிப் பார்ப்பார்கள்.

திருத்தந்தை (போப்) நடத்தும் இரவுத் திருப்பலிக்கு, அதாவது முன்பு சொன்ன அந்த வழிபாட்டுக்கு, அனுமதிச் சீட்டு வேண்டும். அது முழுக்க இலவசம். திருத்தந்தை இல்ல நிர்வாகத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேட்டு எழுத வேண்டும். உங்கள் பங்குத்தந்தை, மறைமாவட்டம் வழியாகக் கேட்பதும் நல்ல வழி. ரோமில் படிக்கும் தமிழ்க் குருக்கள் பலர் இருக்கிறார்கள். கிடைத்தால் முந்தின நாட்களில் புனித பேதுரு சதுக்கத்தின் வலப்பக்கம் வெண்கலக் கதவில் சுவிஸ் காவலர்களிடம் வாங்கிக்கொள்வது. சீட்டு இருந்தாலும் இருக்கை நிச்சயமில்லை, முன்னால் வருபவருக்கே முன்னிடம். நேரம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ‘நள்ளிரவு’ என்ற பெயரை நம்பிப் பதினொரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். சீட்டு கிடைக்காதவர்கள் சதுக்கத்தில் பெரிய திரையில் பார்க்கலாம். குளிர் மட்டும் எலும்பு வரை போகும். இந்தச் சீட்டை யாராவது காசுக்கு விற்றால் அது மோசடி.

25: நண்பகல் 12 மணிக்குத் திருத்தந்தை புனித பேதுரு பேராலயத்தின் நடு மாடத்திலிருந்து ஊருக்கும் உலகுக்கும் ஆசி வழங்குவார். இதற்கு எந்தச் சீட்டும் வேண்டாம், எந்த மதத்தவரும் போகலாம். பத்தரை மணிக்குள் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள், பைகளை இயந்திரத்தில் சோதிக்கும் வரிசை இருக்கும். சின்னக் கத்தி, பழம் நறுக்கும் கத்தி எதையும் பையில் வைக்காதீர்கள்.

அன்று மெட்ரோவும் பேருந்தும் வழக்கமாகக் காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரை, பிறகு மாலை நாலரையிலிருந்து ஒன்பது வரைதான். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆசி முடிந்து கூட்டம் கலையும் நேரமும் வண்டி நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. சதுக்கத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் பாட்டி, தாத்தா, குழந்தைத் தள்ளுவண்டி என்று குடும்பம் குடும்பமாக நின்றுகொண்டிருந்தார்கள், எந்த வண்டியும் வரவில்லை, போகவும் மனமில்லை. நீங்கள் நிற்காதீர்கள். நடந்துவிடுங்கள். சாந்தாஞ்சலோ கோட்டை முன்னாலுள்ள தேவதூதர் பாலம், அங்கிருந்து நவோனா சதுக்கத்துச் சந்தை, பாந்தியனின் வெளிமுகப்பு, ட்ரெவி நீரூற்று. உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் நாலரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருட்டு.

கிளம்பும் முன் இரண்டு குடில். ஒன்று சதுக்கத்தின் நடுவில் மரத்தோடு இருக்கும் பெரியது. இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். பேராலயத்துக்குத் தெற்கே கவலெஜ்ஜேரி தெருவில் ரோம் நகரத் தூய்மைப் பணியாளர்களின் வளாகத்துக்குள் அவர்களே 1972-ல் கட்டிய குடில் இருக்கிறது. உலகத்தின் பல நாடுகளிலிருந்து வந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். வீடுகள், படிக்கட்டு, பாலம், அடியில் உண்மையாகவே ஓடும் தண்ணீர் என்று ஒரு முழு ஊரே கைக்குள் அடங்கினாற்போல் இருக்கும். குனிந்து ஒரு ஜன்னலைப் பார்த்தால் உள்ளே விளக்கு எரிகிறது. திருத்தந்தையர் பலர் வந்து போயிருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பேராலயத்தைவிட இது நினைவில் நிற்கும் என்பது என் எண்ணம்.

26: புனித ஸ்தேவான் திருநாள், அரசு விடுமுறை. ஆனால் கொலோசியம் திறந்திருக்கும். இந்த மூன்று நாளில் 25 அன்றுதான் மூடல். குளிர்காலத்தில் நாலரைக்கு மூடுகிறார்கள், கடைசி நுழைவு மூன்றரை. அதனால் காலை டிக்கெட் எடுங்கள். ஃபோரம் வழியாக ஏறி வந்தால் பக்கத்திலேயே 124 படி ஏறும் அரகோலி ஆலயம். வயதானவர்கள் இருந்தால் கப்பித்தோலினோ குன்றுப் பக்கத்துப் படி சுலபம்.

27 ஞாயிறு எங்கே போவது என்று கேட்டால் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம். அனுமதி இலவசம். இயேசு பிறந்த தொழுவத்தின் மரத்துண்டுகள் என்று போற்றப்படுபவை அங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறையும் அங்கே.

புனித பேதுரு பேராலயத்தின் கோபுரத்தில் ஏறுவதாக இருந்தால்: முழுக்க நடந்தால் 551 படி. மின்தூக்கி டிக்கெட் எடுத்தாலும் அதற்குப் பிறகு 320 படி உண்டு, கடைசிப் பகுதி ஒரு ஆள் போகும் அகலம், சுவரே சாய்ந்திருக்கும். நடுவில் திரும்ப முடியாது. மூட்டுவலி உள்ளவர்களையும் தோளில் தூக்க வேண்டிய குழந்தையையும் கீழேயே விட்டுவிடுங்கள்.

7. சாப்பாடு

இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கூடாது. கைக்குழந்தையின் பால்மாவுக்கு விலக்கு உண்டு, பிரிக்காத டப்பாவாக இருக்க வேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி போதும். அறையில் அடுப்பு இருந்தால் 25-ம் தேதிக்கு இதுவே காப்பாற்றும். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் டெர்மினிக்குப் பக்கத்தில் விட்டோரியோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கிறது.

சைவக்காரர்கள் ‘சென்சா கார்னே, சென்சா பேஷே’ என்று கேளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். கார்பனாரா, அமட்ரிச்சானா இரண்டிலும் பன்றி. சுப்ளி என்ற அரிசி உருண்டை பார்க்க உருளைக்கிழங்கு போண்டா மாதிரிதான் இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. குளிர்காலத்தில் கிடைக்கும் புன்டரெல்லே கீரைச் சாலட்டில் நெத்திலி அரைத்து ஊற்றுவார்கள். தைரியமாகச் சாப்பிடக்கூடியது தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா. தெருக்கடையில் பீட்சாவை எடைக்கு வெட்டித் தருவார்கள். கத்தியை வைத்து ‘இவ்வளவா?’ என்று காட்டும்போதே சின்னதாகக் கை காட்டிவிடுங்கள்.

25 மதியம் திறந்திருக்கும் உணவகங்களில் பல, ஆளுக்கு இவ்வளவு என்று விருந்துச் சாப்பாடு மட்டும் போடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் அதைவிடக் கூடுதல்.

தண்ணீர் வாங்காதீர்கள். தெருவெங்கும் நசோனே என்ற இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிநீர். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீச்சி அடிக்கும், அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால் தாகம் எடுக்காதவர்களும் குடிப்பார்கள். ஸ்வெட்டர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. நடை, குளிர், பணப்பை

பகலில் 12, 13 டிகிரி, இரவில் மூன்று நாலு வரை இறங்கும். பனி பொழிவது அபூர்வம், மழை வரும். கனத்த ஒரு கோட்டைவிட உள்ளே தெர்மல், மேலே மழை தாங்கும் ஜாக்கெட் போதும். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தது. சிறிய சக்கரத் தள்ளுவண்டி சிக்கிக்கொள்ளும். செருப்பும் புதுக் காலணியும் வேண்டாம்.

பேருந்து, மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், மெட்ரோ ஒருமுறை மட்டும். பத்து வயதுக்குள் பெரியவரோடு இலவசம். வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். ஆனால் ஒரே அட்டையை எல்லோருக்கும் தட்ட முடியாது, ஆளுக்கு ஒரு அட்டையோ போனோ வேண்டும். காகிதச் சீட்டு என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். அபராதம் கடுமையானது.

டெர்மினியிலிருந்து வத்திக்கான் போகும் 64-ம் எண் பேருந்திலும் மெட்ரோ ஏ தடத்திலும் பிக்பாக்கெட் அதிகம். பாஸ்போர்ட்டுகளை அப்பா ஒருவரே வைத்திருக்க வேண்டாம், பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் கயிறு கட்டிவிட வருபவர்கள், குழந்தை கையில் ரோஜாவைத் திணிப்பவர்கள், போர்வீரன் வேஷத்தில் படம் எடுக்கக் கூப்பிடுபவர்கள் எல்லோரும் பிறகு காசு கேட்பார்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரத் தடை, அபராதம் போடுவார்கள். அவசரத்துக்கு 112.

9. கணக்கு

அம்மா, அப்பா, 14 வயது மகள், 8 வயது மகன் என்று வைத்துக்கொள்வோம். விசா 315 யூரோ, சேவைக் கட்டணம் தனி. கொலோசியம் 36, வத்திக்கான் அருங்காட்சியகம் பதிவுக் கட்டணத்தோடு 76, பாந்தியன் 10; நுழைவுச் சீட்டு மொத்தமே 122-க்குள் அடங்கிவிடுகிறது. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆறு இரவுக்கு நகர வரி மூன்று பேருக்கு 108. பெரும் செலவு விமானமும் அறையும்தான். டிசம்பர் 23, 24-க்கு விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். பள்ளி மூடுவதற்கு ஒரு நாள் முன்னால் கிளம்ப முடிந்தால் கேட்டுப் பாருங்கள். அறையை ரத்து செய்யக்கூடிய வகையில் ஜூலையிலேயே பிடித்து வையுங்கள். விசாவுக்கும் அதே பதிவு உதவும்.

செலவுக்கு யூரோ ஏற்றிய பயண அட்டை (ஃபாரெக்ஸ் கார்டு) ஒன்று, அது வேலை செய்யாவிட்டால் வங்கி அட்டை ஒன்று, கூட 150, 200 யூரோ சில்லறை நோட்டாக. குடிலில் போட, கழிவறைக்கு, நகர வரிக்கு ரொக்கம் தேவைப்படும்.

10. திரும்பும் நாள்

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பனெட்டோனே, பண்டோரோ கேக் பெட்டிகளை சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைத்துத் தள்ளுவார்கள். வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வாங்க இதுதான் நேரம். திராட்சை பிடிக்காத பிள்ளைகளுக்குப் பண்டோரோ. இரண்டிலும் முட்டை உண்டு. பெட்டி பெரிதாக இருக்கும், கைப்பையில் எடுத்துக்கொண்டால் நசுங்காது.

ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரி திரும்பக் கிடைக்கும். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கியிருக்க வேண்டும். பொருள் பெட்டிக்குள் போவதற்கு முன் விமான நிலையச் சுங்கப் பிரிவில் பதிவு செய்யுங்கள், பிறகுதான் பெட்டியைக் கொடுப்பது.

வெளியேறும்போதும் இ.இ.எஸ். பதிவு உண்டு. நாலு மணி நேரம் முன்பாகப் போய்விடுங்கள். அதிகாலை விமானம் என்றால் ரயிலை நம்பாமல் முந்தின இரவே ஹோட்டலில் சொல்லி டாக்சி பேசி வையுங்கள், விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். போர்டிங் அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ஷெங்கன் விசாவுக்குப் பழைய விசாவின் நகலோடு சேர்த்து வைத்தால் சரியான நேரத்தில் திரும்பியதற்கு அதுவும் ஒரு சான்று.